இலவசப் படிப்பின் கணக்குக் கொப்பி

வெட்டுப்புள்ளி வந்த அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எந்தக் கம்பஸ்?" வந்தவர்கள் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போன பிறகு, தாயும் தகப்பனும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு: "மாதம் எவ்வளவு முடியும்?" இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்விக்கு.

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவராகப் பட்டப்படிப்புக்குத் தெரிவானவர் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியனைக் கொழும்புக்குப் படிக்க அனுப்புவதென்றால் காணியோ நகையோ கைமாற வேண்டும், அல்லது மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் பெரியப்பா ஒருவர் இருக்க வேண்டும். அந்த நிலைமையை மாற்றிய சட்டத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 'இலவசம்' என்ற சொல் நம் குடும்பங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்துவிட்டது. கட்டணம் இல்லையென்றால் திட்டமும் தேவையில்லை என்று இருந்துவிடுகிறோம்.

லண்டனில் இருக்கும் மச்சாளின் மகனுக்கு நிலைமை வேறு. அங்கே 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணம் 2012இல் 9,000 பவுண் வரை போனது. அவன் படித்து முடிக்கும்போது பெருங்கடனோடுதான் வெளியே வருகிறான். என்றாலும் அந்தக் கடனுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு கணக்கு உண்டு. சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் கழிப்பார்கள். 2012இல் சேர்ந்த இங்கிலாந்து மாணவர்களுக்கு 30 ஆண்டுகளின் பின் மிச்சம் தள்ளுபடி. நம்முடைய பிள்ளையின் கடனுக்குப் பெயர் இல்லை. அது அம்மாவின் அடைவுத் துண்டில் கொஞ்சம், சந்திக் கடைக் கொப்பியில் கொஞ்சம், மாமாவிடம் வாங்கிய கைமாற்றில் கொஞ்சம், சீட்டுக் கட்டாத மாதத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் வேலை, ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்குவது.

தூரத்தின் விலை

கொப்பியின் முதற் பக்கத்தில் எழுத வேண்டியது இடத்தின் பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக, சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. திருநெல்வேலியில் வாசல் திறந்ததன் அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு கோப்பாய்ப் பெட்டை மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்ப் பட்டம் பெற முடிந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பணக் கணக்கில் அதுதான் பெரிய மாற்றம்.

எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு 250 ரூபாய் என்று வைத்தால், மூன்று நேரமும் நாளுக்கு 750, மாதம் 22,500. இன்னொருவரோடு பங்கிட்ட அறை வாடகை 8,000. பஸ் 3,000. போட்டோக்கொப்பி, டேற்றா, சவர்க்காரம் முதலிய சில்லறைகள் 3,500. மொத்தம் 37,000. ஆண்டுக்குப் பத்து மாதம் என்று கணக்கிட்டால் 3 இலட்சத்து 70 ஆயிரம். நான்கு ஆண்டுக்கு 14 இலட்சத்து 80 ஆயிரம்.

வீட்டிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வரும் பிள்ளைக்கு மாதம் 22 நாள் மத்தியானச் சாப்பாடு 5,500. அதே பஸ் 3,000, அதே சில்லறை 3,500. மொத்தம் 12,000. நான்கு ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டுக்கும் இடையில் பத்து இலட்சம் நிற்கிறது. வீட்டில் காலையிலும் இரவிலும் சாப்பிடுவதற்கும் காசுதான் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் நால்வருக்கு அவிக்கிற பிட்டில் ஐந்தாமவரும் சாப்பிடலாம்.

இதை விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போதே நினைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒரே கற்கைநெறி பல பல்கலைக்கழகங்களின் பெயரில் இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கூடிய புள்ளி கேட்ட இடத்தை மேலே போடுகிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் அதற்கு நியாயம் சொல்லலாம். கலை, வணிகம், விஞ்ஞானம் என்று வரும்போது, வெட்டுப்புள்ளியில் ஒரு சிறு வித்தியாசத்துக்காகப் பத்து இலட்சம் கொடுக்கிறோமா என்று ஒரு முறையாவது வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டை விட்டுப் போய்ப் படிப்பதால் வரும் உலக அனுபவத்துக்கும் ஒரு விலை உண்டுதான். அந்த விலை தெரிந்து கொடுத்தால் நல்லது.

இன்னொரு ஏமாற்றம்: 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்' என்று கடிதம் வந்ததும் வீட்டிலிருந்தே போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. காரைநகரிலோ பருத்தித்துறையிலோ இருந்து தினமும் போய்வரக் கூடிய தூரம் அது இல்லை. அங்கே கிடைத்த பிள்ளைக்கும் மேலே சொன்ன முதற் கணக்குத்தான். சித்த மருத்துவம் கைதடியில், இராமநாதன் நுண்கலைப் பகுதி மருதனார்மடத்தில். அவை இரண்டும் கைக்கெட்டும் தூரம்.

பேராதனை என்றால் ஏ9 வீதியின் மறுநுனியையும் தாண்டிப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அந்த வீதி 321 கிலோமீற்றர். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிற பிள்ளை வேறு, தவணை முடிந்து வருகிற பிள்ளை வேறு. முதலாம் ஆண்டில் வீட்டு நினைவில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் ஏறுவார்கள். அந்தக் காசையும் கொப்பியில் போடுங்கள், ஆனால் திட்டாதீர்கள்.

விடுதி பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் வெளி அறையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை என்னுமளவு குறைவு. ஆனால் இடம் பற்றாது. பெரும்பாலும் முதலாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும்தான் முன்னுரிமை. இடையில் வரும் ஆண்டுகளில் பிள்ளை வெளியே அறை தேட வேண்டும், அப்போது வீட்டுக்காரர் சில மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார். நான்கு ஆண்டுகளில் குடும்பம் முதல் தடவை கடன் வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில்தான். முதலாம் ஆண்டு விடுதியில் மிச்சமாகும் காசைச் செலவழிக்காமல் அந்த அட்வான்ஸுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

மகாபொல எத்தனை நாள் சோறு

மகாபொல புலமைப்பரிசில் நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் சட்டமாகி வந்தது. இன்று அரச பல்கலைக்கழக மாணவருக்கு இரண்டு மாதாந்த உதவிகள் உண்டு: ஒன்று மகாபொல, மற்றது பேர்சரி. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம். நீண்ட காலம் மகாபொல 5,000 ரூபாவிலும் பேர்சரி 4,000 ரூபாவிலும் நின்றன. 2022இல் நாடு வங்குரோத்தான ஆண்டில், செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோதும் அந்த 5,000 அசையவில்லை. அந்த ஆண்டில் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ஆகவும் பேர்சரி 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுத் தொகையை அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கணக்கில் நாளுக்கு 750 ரூபாய் சாப்பாடு. 7,500 என்பது பத்து நாள் சோறு. மிச்சம் இருபது நாளை வீடு பார்க்க வேண்டும். மேலும், அது ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை வருவதில்லை, பத்துத் தவணைதான். அதாவது ஆண்டுக்கு 75,000, நான்கு ஆண்டுக்கு 3 இலட்சம். வெளியூர்ப் பிள்ளையின் 14 இலட்சத்து 80 ஆயிரத்தில் இதைக் கழித்தால் 11 இலட்சத்து 80 ஆயிரம் மிஞ்சும். அந்த எண்ணை முதற் பக்கத்தின் கீழே சிவப்புப் பேனையால் எழுதுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மாதத்துக்கு மாதம் ஆயிரம் இரண்டாயிரம் என்று கேட்டு வாங்கும்போது இந்த மொத்தம் கண்ணில் படாது.

முதல் தவணை எப்போது வரும் என்பதுதான் மகாபொலவின் பெரிய சிக்கல். விரிவுரை தொடங்கிப் பல வாரம், சிலவேளை மாதங்கள் கழித்துத்தான் காசு கணக்கில் விழும். பிறகு சில தவணைகள் சேர்ந்து வரும். சேர்ந்து வந்த அன்று வகுப்புத் தோழர்கள் 'றீட்' கேட்பார்கள். ஆகவே முதல் மூன்று மாதத்தை மகாபொல இல்லாத மாதங்களாகவே கணக்குப் போடுங்கள்.

வருமானச் சான்றிதழ் விடயத்தில் நம்மவர்களிடம் இரண்டு கோளாறு உண்டு. ஒன்று வெட்கம். "நாங்கள் கையேந்துவதா" என்று விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். மகாபொல யாரும் போடும் பிச்சை இல்லை, பிள்ளை தன் புள்ளியால் சம்பாதித்தது. மற்றது பொய். கிராம அலுவலரிடம் போய் வருமானத்தைக் குறைத்து எழுதித் தரும்படி கேட்பது. பேர்சரிக்குப் பெற்றோரின் வருமானத்தோடு, வீட்டில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பல்கலைக்கழகம் இருக்கும் தூரத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உள்ளதைச் சொன்னாலே கிடைக்கக் கூடிய பல குடும்பங்கள் பொய் சொல்லி மாட்டிக்கொள்கின்றன. கடற்றொழில், தோட்டம் செய்கிறவர்களுக்கு மாத வருமானம் ஒரே சீராக இருக்காது. வெங்காயம் நல்ல விலைக்குப் போன மாதத்தைச் சொல்லாமல், ஆண்டு முழுவதையும் கூட்டிச் சொல்லுங்கள், செலவையும் கழித்துக் காட்டுங்கள்.

விண்ணப்பமும் அதனோடு கேட்கும் பத்திரங்களும் பதிவு நடக்கும் நாட்களிலேயே போய்ச் சேர வேண்டும். திகதி தவறியவருக்காக அலுவலகம் காத்திருக்காது. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் பெயரின் தலையெழுத்து ஒன்று விடுபட்டதால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வரவும் முக்கியம். விரிவுரைக்குப் போகாத பிள்ளைக்கு உதவி நிறுத்தப்படலாம். முழுநேர உத்தியோகம் பார்க்கத் தொடங்கினாலும் அப்படியே.

எந்தக் கதவைத் தட்டுவது

மிச்சத் தொகைக்குக் கடன் வேண்டுமென்றால், எந்தக் கதவை முதலில் தட்டுகிறோம் என்பதில்தான் குடும்பத்தின் அடுத்த பத்து ஆண்டு இருக்கிறது. வீட்டில் அரச உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் இடர் கடனைப் பாருங்கள். வெளியில் எங்கும் கிடைக்காத குறைந்த வட்டி அது. அடுத்தது, நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே உறுப்பினராகிச் சேமித்து வந்தால்தான் அங்கே கேட்க முடியும். அதற்குப் பிறகு வங்கியில் நகை அடைவு.

நகையைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகளை உருவாக்கியதில் அரசாங்கத்துக்கு அடுத்த பங்கு தாய்மாரின் காப்புக்கும் சங்கிலிக்கும்தான். அடைவு வைப்பதில் அவமானம் எதுவும் இல்லை. பிழை நடப்பது மூன்று இடத்தில். தேவைக்கு மேல் பெறுவது: நகை பெறுமதியானது என்பதற்காக வங்கி தருகிற முழுத் தொகையையும் வாங்கி, மிச்சத்தில் சாறி எடுப்பது. எல்லா நகையையும் ஒரே துண்டில் வைப்பது: தனித்தனித் துண்டாக வைத்தால் காசு வர வர ஒவ்வொன்றாக மீட்கலாம். மூன்றாவது, தவணை முடியும் திகதியை மறப்பது. வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். பிள்ளையின் சோதனை நடக்கிற மாதத்திலேயே அந்தத் திகதியும் வரும், அதுதான் வழக்கம்.

தட்டவே கூடாத கதவு ஒன்று உண்டு. நூற்றுக்கு ஐந்து வட்டி என்று மென்மையாகச் சொல்வார்கள். அது மாதத்துக்கு. ஆண்டுக்கு அறுபது. ஒரு இலட்சம் வாங்கினால் மாதம் 5,000 வட்டி மட்டும். பிள்ளைக்கு வரும் 7,500 மகாபொலவில் மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்காரருக்குப் போய்விடும். நான்கு ஆண்டு முடிவில் 2 இலட்சத்து 40 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், வாங்கிய ஒரு இலட்சம் அப்படியே நிற்கும். போர் முடிந்து ஏ9 திறந்த கையோடு லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்குக்கு வந்து வீட்டு வாசலில் குழுக்கூட்டம் நடத்தின. அந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே ஏற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஒரு பெண் வாரத் தவணைக் கடனை "பிள்ளையின் படிப்புக்கு" என்று எடுக்கும்போது, படிப்பு வாரா வாரம் வருமானம் தராது என்பதை நினைக்க வேண்டும்.

லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பது பற்றி: கம்பஸ் கிடைத்த மகிழ்ச்சியில் மாமா ஒருவர் முற்பணம் கட்டுவார், மாதத் தவணையை யார் கட்டுவது என்று ஒருவரும் பேசமாட்டார்கள். வேண்டாம். மடிக்கணினிக்கும் அவசரப்பட வேண்டாம். எந்தத் துறைக்கு எப்படிப்பட்டது தேவை என்று சீனியர்களிடம் கேட்டு, முதல் செமிஸ்டர் பாதியில் வாங்கலாம். இறுதியாண்டு முடித்துப் போகிறவர்கள் தங்கள் கணினியை, மெத்தையை, வெள்ளைக் கோட்டை விற்றுவிட்டுப் போவார்கள்.

சீனியர்கள் என்றதும் இன்னொரு செலவு. வரவேற்பு, பட்ச் ரீசேட், சுற்றுலா என்று கட்டாயக் காசு கேட்பது பகிடிவதையின் இன்னொரு முகம். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். அடித்தால் மட்டுமே பகிடிவதை என்று நினைக்காதீர்கள். காசு கேட்டு வற்புறுத்தினால் மாணவ ஆலோசகரிடம் சொல்லலாம்.

வெளிநாட்டுக் காசு

பழைய மாணவர் சங்கங்களும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்களும் மாதாமாதம் பிள்ளைகளுக்கு உதவுகின்றன. அது பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. கேட்கும்போது ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: கற்கைநெறி, எத்தனை ஆண்டு, மாதம் எவ்வளவு குறைகிறது. முழுத் தொகையையும் கேட்காமல் குறைகிற தொகையைக் கேட்டால் தருகிறவருக்கு நம்பிக்கை வரும். ஒவ்வொரு செமிஸ்டர் முடிவிலும் பெறுபேற்றை அனுப்புங்கள். காசோலையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. "படம் வேண்டாம், நன்றிக் கடிதம் தருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உறவுக்காரர் தருவது அன்பளிப்பா கைமாற்றா என்பதை வாங்கும் அன்றே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் தெரியவருவது நல்லதில்லை.

பிள்ளையும் சம்பாதிக்கலாம். கம்பஸ் பிள்ளையிடம் ரியூசன் படிக்க அனுப்புகிற வீடுகள் குடாநாட்டில் எங்கும் உண்டு. வாரத்தில் இரண்டு பின்னேரம் போதும். அதற்கு மேல் போனால் சோதனை தவறும், தவறிய பாடத்துக்காக நீளும் ஒரு செமிஸ்டர் உழைத்ததையெல்லாம் தின்றுவிடும்.

காலம் நீள்வதும் செலவுதான். 2012இல் விரிவுரையாளர்களும் 2024இல் கல்விசாரா ஊழியர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமாக இருக்கலாம், ஆனால் அறை வாடகை நிற்பதில்லை. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஐந்து ஆண்டுக் கணக்குப் போட்டு வையுங்கள்.

இடம் கிடைக்காத பிள்ளைக்கு

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. இவர்களுக்காக 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் படிக்க அரச வங்கி கடன் தரும், வட்டியை அரசாங்கம் கட்டும். தொடங்கியபோது உச்ச எல்லை 8 இலட்சம். நம் நாட்டில் சரியான அர்த்தத்தில் மாணவர் கடன் என்று சொல்லக் கூடியது இதுதான். வட்டி இல்லாவிட்டாலும் முதல் இருக்கிறது. பிணை நிற்கிறவர் யார், அவர் எதற்குக் கையெழுத்து வைக்கிறார் என்பதை அவருக்கே விளங்கப்படுத்துங்கள். இடையில் விட்டால் யார் கட்டுவது என்பதையும் பத்திரத்தில் வாசியுங்கள்.

அதற்கு முன் கட்டணம் இல்லாத வழிகளையும் பாருங்கள். முழுநேர உயர் தேசிய டிப்ளோமா கற்கைகள் உண்டு. கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு, அங்கே பயிலுநருக்குக் கொடுப்பனவும் கிடைக்கும். திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கும், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே தவணையாகக் கட்டிப் படிக்கலாம். இவற்றை இரண்டாந்தரமாகப் பேசுகிற ஊர் வாயை நம்பிப் பதினைந்து இலட்சத்துக்குக் கடன்பட்ட பிறகு, ஊர் வந்து ஒரு தவணையும் கட்டாது.

இந்த அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அலுமாரிக்குள் சாறிக்குக் கீழே இருக்கும் அடைவுத் துண்டுகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றும் முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். கலண்டரைப் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.